நுரையீரலும் சுரக்கும்

கல்லீரல், மண்ணீரல், நுரையீரல் என்று உள்ளுறுப்புகள் மூன்றுக்கு ஈரல் என்ற பொதுப்பெயரைத் தமிழ் வைத்திருக்கிறது. அவற்றுள் மூச்சுக்குரிய உறுப்பை நுரையால் அடையாளப்படுத்துகிறது. அறுத்த ஆட்டின் நுரையீரலை விரலால் அழுத்திப் பார்த்தவர்களுக்கு இப்பெயரின் பொருத்தம் விளங்கும். சுரப்பி என்ற சொல்லோ மடி சுரத்தல், ஊற்றுச் சுரத்தல் என்ற வழக்குகளின் வழியே வந்தது. உள்ளிருந்து ஊறி வெளிவருவதைக் குறிப்பது. இவ்விரு சொற்களும் ஒரே உயிரணுவில் சந்திக்கின்றன என்பதை அறிவியல் ஐயமின்றி நிறுவ 1970-கள் வரை காத்திருக்க நேர்ந்தது. அதற்கான சான்றுகளில் பெரும்பகுதி எலி, சுண்டெலி, கினிப்பன்றி ஆகிய கொறித்துண்ணிகளின் திசுக்களை நுண்ணோக்கியின் அடியில் வைத்துப் பார்த்ததால் கிடைத்தவை. அந்தக் காத்திருப்பின் விலையைக் குறைமாதத்தில் பிறந்த குழந்தைகள் செலுத்தினார்கள் என்பதால், இது ஆய்வகத்தோடு முடிந்துவிடும் வரலாறு அன்று.

நுண்ணோக்கியின் வழியே நுரையீரலைப் பார்த்து எழுதியவர்களில் முன்னோடி இத்தாலியரான மார்செல்லோ மால்பிகி. 1661-இல் வெளியிட்ட இரண்டு கடிதங்களில், நுரையீரல் தசைப்பிண்டம் அன்று, மெல்லிய சவ்வாலான நுண்ணறைகளின் தொகுப்பு என்று அவர் காட்டினார்; தவளையின் நுரையீரலில் தமனியையும் சிரையையும் இணைக்கும் தந்துகிகளையும் கண்டார். ஐந்தாண்டுகள் கழித்துக் கல்லீரல், சிறுநீரகம் முதலியவற்றை ஆராய்ந்து, அவை சுரப்பிகளால் ஆனவை என்று எழுதினார். ஆக, நுரையீரலும் சுரப்பியும் ஒரே மனிதரின் கண்ணாடி வில்லைக்குக் கீழே வந்தவைதாம். ஆனால் அவருக்குப் பின்வந்தவர்கள் அவற்றுக்கு வெவ்வேறு வேலைகளை ஒதுக்கிவிட்டார்கள். சுரப்பி ஒன்றை ஆக்கித் தருவது. நுரையீரல் கொல்லனின் துருத்தியைப் போலக் காற்றை வாங்கி விடுவது. துருத்தி எதையும் ஆக்குவதில்லை அல்லவா? இந்த உவமை மூன்று நூற்றாண்டுகள் ஆய்வாளர்களின் கண்ணை மறைத்துக்கொண்டிருந்தது என்றே நாம் கருதுகிறோம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் திசுவை வேதிப்பொருளில் நிலைப்படுத்தி, மெழுகில் பொதிந்து, சீவி, சாயமேற்றிப் பார்க்கும் முறை வளர்ந்தது. சுரப்பிகளைப் பொறுத்தவரை அது நல்ல அறுவடையைத் தந்தது. 1875-இல் ருடால்ஃப் ஹைடன்ஹைன் கணையத்தின் உயிரணுக்களை உணவுக்கு முன்னும் பின்னும் ஒப்பிட்டார். பட்டினி கிடந்த விலங்கின் கணைய உயிரணுக்களில் மணிமணியாகத் துகள்கள் நிறைந்திருந்தன. உணவு செரிக்கும் நேரத்தில் அவை குறைந்தன. பின் மீண்டும் நிறைந்தன. களஞ்சியம் காலியாவதையும் நிரம்புவதையும் போல அது இருந்தது. சுரப்பி உயிரணு தன் சரக்கைச் சேமித்து வைத்துக் கொடுக்கிறது என்று எண்ண அக்காட்சியே போதுமானதாக இருந்தது.

நுரையீரலில் அத்தகைய தெளிவு கிட்டவில்லை. மிக அடிப்படையான ஒரு கேள்விக்கே விடை கிடைக்காமல் இருந்தது. காற்று நுண்ணறையின் உட்புறத்தை உயிரணுப் படலம் ஏதேனும் மூடியிருக்கிறதா, அல்லது தந்துகிகள் காற்றில் நேரே திறந்து கிடக்கின்றனவா? 1880-களின் தொடக்கத்தில் கோலிக்கர், உட்கருவற்ற பெரிய தகடுகளும் உட்கருவுள்ள சிறிய உயிரணுக்களும் அங்கே இருப்பதாக எழுதினார். மறுத்தவர்கள் பலர். இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியிலும் இந்த வழக்கு நீண்டது. நுண்ணறை மூடப்படாத வெற்றுப்பரப்பு என்ற கருத்துக்குக் கனமான ஆதரவு இருந்தது. இரு தரப்பினரும் கூர்மையான பார்வையுடையவர்களே. குறை அவர்களுடைய கருவியில் இருந்தது. ஒளி நுண்ணோக்கியால் ஏறத்தாழ 0.2 மைக்ரோமீட்டருக்குக் குறைந்த இடைவெளியில் உள்ளவற்றைப் பிரித்துக் காட்ட இயலாது. நுண்ணறையை மூடும் தகடோ பல இடங்களில் அந்த எல்லைக்கும் கீழே மெலிந்திருக்கும்.

இதற்கிடையே ஆய்வகத்தின் இன்னொரு கருவி உருவாகி வந்தது. அது எலி. ஃபிலடெல்பியாவின் விஸ்டார் நிறுவனத்தில் 1906 முதல் வெள்ளெலிகளை ஒழுங்காக வளர்த்து, வம்சாவளி காத்து, பிற ஆய்வகங்களுக்கும் அளித்துவந்தார்கள். ஒரே வயது, ஒரே உணவு, ஏறக்குறைய ஒரே மரபு என்ற நிலையில் உள்ள விலங்குகள் கிடைத்ததால், ஓரிடத்தில் கண்டதை இன்னோரிடத்தில் சரிபார்க்க முடிந்தது. இறந்த சில நிமிடங்களுக்குள்ளேயே திசு தன்னைத் தானே சிதைத்துக்கொள்ளத் தொடங்கிவிடும் என்பதையும் இங்கே நினைவிற்கொள்ள வேண்டும். பிணக்கூறாய்வில் பல மணி நேரம் கழித்துக் கிடைக்கும் மனித நுரையீரல் சொல்லாத செய்தியை, உயிர் பிரிந்த கணத்திலேயே நிலைப்படுத்தப்பட்ட எலியின் நுரையீரல் சொல்லும்.

எலெக்ட்ரான் நுண்ணோக்கி 1930-களில் ஜெர்மனியில் பிறந்தது. ஆனாலும் திசுவை அதற்குள் வைப்பது எளிதாக இருக்கவில்லை. எலெக்ட்ரான் கற்றை ஊடுருவ வேண்டுமானால், சீவல் ஒரு மில்லிமீட்டரின் பத்தாயிரத்தில் ஒரு பங்கு என்ற அளவிலோ அதற்கும் குறைவாகவோ இருக்க வேண்டும். மெழுகு இதைத் தாங்காது. எஃகுக் கத்தி இதற்கு உதவாது. 1940-களின் இறுதியில் பிளாஸ்டிக்கில் பொதியும் முறை வந்தது. உடைந்த கண்ணாடியின் விளிம்பையே கத்தியாகப் பயன்படுத்தலாம் என்று 1950-இல் கண்டார்கள். திசுவை ஆஸ்மியம் டெட்ராக்சைடில் நிலைப்படுத்தும் முறையை ஜார்ஜ் பலாடே 1952-இல் செம்மைப்படுத்தினார். அதே 1952-இல் ஃப்ராங்க் லோ என்ற அமெரிக்க உடற்கூற்றியலாளர் எலியின் நுரையீரலை எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்து வெளியிட்ட கட்டுரை, நெடுங்கால வழக்கைத் தீர்த்துவைத்தது. நுண்ணறை முழுவதையும் இடைவெளியின்றி உயிரணுப் படலம் மூடியிருந்தது. அடுத்த ஆண்டு பிற ஆய்வக விலங்குகளிலும் மனிதரிலும் அதுவே உண்மை என்று அவர் காட்டினார். கோலிக்கர் கண்ட தகடுகள் உட்கருவற்றவை அல்ல. ஒவ்வொன்றின் உட்கருவும் ஏதோ ஒரு மூலையில் ஒதுங்கியிருக்க, மிச்ச உடல் மெல்லிய விரிப்பாகப் பரவியிருந்தது.

இந்தப் படங்களில் இருவகை உயிரணுக்கள் தெரிந்தன. முதல் வகை மேற்சொன்ன விரிப்பு. இரண்டாம் வகை நுண்ணறையின் மூலைகளில் உருண்டு திரண்டு அமர்ந்திருக்கும். பரப்பில் மிகச் சிறு பகுதியையே மூடும். இந்த இரண்டாம் வகையை ஒளி நுண்ணோக்கிக்காரர்களும் முன்பே அறிந்திருந்தார்கள். ஆனால் அவர்கள் கண்டது, உள்ளே வெற்றுக் குழிகள் விழுந்த ஓர் உயிரணுவை. எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் அதே இடத்தில், வெங்காயத்தை அரிந்தாற்போல் அடுக்கடுக்கான தாள்களாலான உருண்டைகள் காணப்பட்டன. காரணம் எளிது. மெழுகில் பொதிவதற்கு முன் திசுவை ஆல்கஹாலிலும் சைலீன் போன்ற கரைப்பான்களிலும் முக்கியெடுப்பார்கள். அந்த உருண்டைகளின் பெரும்பகுதி கொழுப்பு வகைப் பொருள்; கரைப்பானில் அது கரைந்துவிடும். ஆஸ்மியமோ கொழுப்பில் கணிசமான பகுதியைப் பிடித்துவைத்துக்கொள்ளும். திசுவைப் பார்ப்பதற்காகச் செய்த ஆயத்தமே பார்க்க வேண்டிய பொருளைக் கழுவிவிட்டிருந்தது.

அந்தக் கொழுப்பு எதற்காக? இதற்கு விடை நுண்ணோக்கியோடு தொடர்பில்லாத திசையிலிருந்து வந்தது. ஸ்விட்சர்லாந்தில் பணிபுரிந்த குர்ட் ஃபான் நெயர்கார்ட், 1929-இல் பன்றியின் நுரையீரலைக் காற்றால் ஒரு முறையும் திரவத்தால் ஒரு முறையும் நிரப்பிப் பார்த்தார். திரவத்தால் நிரப்பப் பெரிதும் குறைந்த அழுத்தமே போதுமானதாக இருந்தது. காற்றும் ஈரமும் சந்திக்கும் பரப்பில் உள்ள இழுவிசைதான் நுரையீரலைச் சுருக்கும் விசையில் பெரும்பங்கு என்று அவர் முடிவுசெய்தார். பிறந்த குழந்தையின் முதல் மூச்சில் இதன் பங்கை ஆராய வேண்டும் என்றும் குறிப்பிட்டார். அக்கட்டுரை ஏறத்தாழக் கால் நூற்றாண்டு கவனிப்பாரின்றிக் கிடந்தது.

பரப்பு இழுவிசை என்பது நீர்த்துளியை உருண்டையாக இழுத்துப் பிடிக்கும் விசைதான். ஒரு குமிழியின் ஆரம் குறையக் குறைய, அதைச் சுருக்கும் அழுத்தம் மிகும். அப்படியானால் கோடிக்கணக்கான நுண்ணறைகளில் சிறியவை சுருங்கிப் பெரியவற்றுக்குள் காற்றைத் தள்ளிவிட வேண்டும். ஒவ்வொரு மூச்சு வெளிவிடும்போதும் நுரையீரல் குலைந்துபோக வேண்டும். அவ்வாறு நிகழ்வதில்லை. இங்கிலாந்தின் போர்ட்டனில் நச்சுவாயுவின் விளைவுகளை ஆராய்ந்த ரிச்சர்ட் பேட்டில், பாதிக்கப்பட்ட நுரையீரலிலிருந்து வரும் நுரை வழக்கமான நுரையடக்கிகளுக்கு அடங்காததைக் கவனித்தார். நுரையீரலிலிருந்து பிழிந்த நுண்குமிழிகள் உடையாமலும் சுருங்காமலும் நிலைத்திருந்தன. அவற்றின் பரப்பு இழுவிசை ஏறத்தாழச் சுழி என்று 1955-இல் அவர் எழுதினார். நம் மொழி பெயரிலேயே வைத்திருக்கும் நுரைதான் ஆய்வாளரின் கையில் திறவுகோலாயிற்று. 1957-இல் அமெரிக்க இராணுவத்தின் வேதியியல் ஆய்வு மையத்தில் இருந்த ஜான் கிளமென்ட்ஸ், எலி உள்ளிட்ட விலங்குகளின் நுரையீரல் சாற்றைத் தொட்டியில் படலமாகப் பரப்பி அளந்தார். படலத்தைச் சுருக்கினால் இழுவிசை வீழ்ந்தது, விரித்தால் உயர்ந்தது. சுருங்கும் நுண்ணறையைச் சரியாமல் காக்க வேண்டிய குணம் இதுவேதான். பின்னர் இப்பொருளுக்கு சர்ஃபாக்டன்ட் என்ற பெயர் நிலைத்தது. கனடாவின் சார்லஸ் மேக்லின் 1954-லேயே நுண்ணறையின் உட்புறத்தில் ஒரு படலம் உண்டு என்றும், அங்குள்ள குழிவிழுந்த உயிரணுக்களே அதைச் சுரக்கின்றன என்றும் எழுதியிருந்தார். அது அனுமானம், ஆனால் மெய்யை ஒட்டிய அனுமானம்.

மருத்துவமனைகளில் நிலைமை எவ்வாறு இருந்தது? குறைமாதத்தில் பிறந்த குழந்தைகள் பிறந்த சில மணி நேரத்தில் மூச்சுத் திணறி, இரண்டு மூன்று நாட்களில் இறந்துபோவது மருத்துவர்களுக்குப் பழகிப்போன துயரமாக இருந்தது. அக்குழந்தைகளின் நுரையீரலைச் சீவிப் பார்த்த நோய்க்கூற்றியலாளர்கள், நுண்ணறைகளில் இளஞ்சிவப்பாகச் சாயமேறிய கண்ணாடி போன்ற சவ்வைக் கண்டார்கள். நோய்க்கும் கண்ணாடிச் சவ்வு நோய் என்றே பெயரிட்டார்கள். அந்தச் சவ்வு எங்கிருந்து வந்தது என்பதைப் பற்றியே விவாதம் நடந்தது. கிளமென்ட்ஸின் அளவீட்டைப் பற்றி அறிந்த மேரி எல்லன் ஏவரி அவரை நேரில் சந்தித்தார். பின் ஜெரி மீட் என்பவருடன் இணைந்து, இறந்த குழந்தைகளின் நுரையீரல் சாற்றை அதே முறையில் சோதித்து 1959-இல் வெளியிட்டார். அச்சாற்றின் இழுவிசை குறையவே இல்லை. குழந்தைகளைக் கொன்றது அங்கே இருந்த சவ்வு அன்று, அங்கே இல்லாதுபோன சுரப்பு. சவ்வு, காயப்பட்ட நுரையீரலின் விளைவு மட்டுமே.

காரணம் தெரிந்ததால் உடனே மருந்து கிடைத்துவிடவில்லை. 1963 ஆகஸ்ட் 7 அன்று அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கென்னடிக்கு ஐந்தரை வாரங்கள் முன்னதாகப் பிறந்த மகன் பேட்ரிக், இதே நோயால் 39 மணி நேரத்தில் இறந்தான். நாட்டின் தலைவராலும் தன் குழந்தைக்கு வாங்கித் தர முடியாத ஒரு சொட்டுச் சுரப்பு அது.

சுரப்பு எந்த உயிரணுவிலிருந்து வருகிறது என்ற கேள்வி இதனால் அவசரமானதாயிற்று. 1962-இல் சூ பக்கிங்ஹாமும் ஏவரியும் சுண்டெலிக் கருக்களின் நுரையீரலை ஆராய்ந்தார்கள். கருக்காலத்தின் இறுதி நாட்களில் சர்ஃபாக்டன்ட் தோன்றும் காலமும், இரண்டாம் வகை உயிரணுக்களில் அடுக்குருண்டைகள் தோன்றும் காலமும் ஒத்துப்போயின. ஆனால் அதே ஆண்டில் கிளமென்ட்ஸ் உள்ளிட்ட குழுவினர் வெளியிட்ட கட்டுரை, அவ்வுயிரணுவின் மைட்டோகாண்ட்ரியாக்களே உருமாறி அந்த உருண்டைகளாகின்றன என்று கருதியது. அத்தனை தேர்ந்தவர்கள் ஏன் வழுவினார்கள்? படத்தில் மைட்டோகாண்ட்ரியாவும் உருண்டையும் அருகருகே இருந்தன. இரண்டுக்கும் இடைப்பட்டவை போன்ற வடிவங்களும் காணப்பட்டன. நின்றுபோன ஒரு கணத்தின் படத்திலிருந்து எது முந்தியது, எது பிந்தியது என்று ஊகித்தார்கள். படத்தில் இடம் உண்டு; காலம் இல்லை.

காலத்தைப் படத்துக்குள் கொண்டுவந்தவர்கள் சுரப்பியை ஆராய்ந்தவர்கள். நியூயார்க்கின் ராக்கஃபெல்லரில் பலாடே கினிப்பன்றியின் கணையத்தை எடுத்துக்கொண்டார். பெயரில்தான் பன்றி, இனத்தால் அது கொறித்துண்ணி. அவரும் ஜேம்ஸ் ஜேமிசனும் 1967-இல் வெளியிட்ட சோதனையில், கணையச் சீவல்களுக்குக் கதிரியக்க அடையாளமிட்ட லூசின் என்ற அமினோ அமிலத்தை மூன்றே நிமிடங்கள் அளித்தார்கள். பின் அடையாளமற்ற லூசினுக்கு மாற்றினார்கள். வெவ்வேறு நேரங்களில் திசுவை நிலைப்படுத்தி, சீவலின் மேல் புகைப்படப் பூச்சைப் பூசி, இருளில் காத்திருந்தார்கள். கதிரியக்கம் உள்ள இடத்தில் வெள்ளித் துகள் கறுக்கும். மூன்றாம் நிமிடத்தில் கறுப்புப் புள்ளிகள் எண்டோபிளாச வலையின்மீது இருந்தன. சில நிமிடங்களில் கோல்ஜி உறுப்புப் பகுதிக்கு நகர்ந்தன. ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில், ஹைடன்ஹைன் கண்ட அதே துகள்களில் வந்து சேர்ந்தன. சுரப்பி உயிரணுவின் உள்வழி இவ்வாறு வரைபடமாயிற்று. கோல்ஜி உறுப்பு மெய்யா, சாயம் செய்த மாயமா என்று அரை நூற்றாண்டு நடந்த சர்ச்சைக்குப் பின், அதன் வேலையும் தெரிந்தது. 1974-இல் பலாடே, கிளாட், டி டூவ் மூவரும் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள்.

அதே உத்தியைச் செவாலியேவும் கொலேவும் சுண்டெலியின் நுரையீரலுக்குக் கொண்டுசென்று 1972-இல் வெளியிட்டார்கள். சர்ஃபாக்டன்டின் முதன்மையான கொழுப்புப் பொருளுக்கு கோலின் ஒரு மூலக்கூறு. அடையாளமிட்ட கோலினைச் செலுத்தியபோது, இரண்டாம் வகை உயிரணுவில் புள்ளிகள் எண்டோபிளாச வலையில் தொடங்கி, கோல்ஜி உறுப்பைக் கடந்து, அடுக்குருண்டைகளில் சென்று சேர்ந்தன. மைட்டோகாண்ட்ரியா அவ்வழியில் இல்லை. கணையத்தில் கண்ட வழியேதான் இங்கும். இதற்குச் சற்று முன், வைபலும் கில்லும் எலியின் நுரையீரலில் அந்தப் படலத்தையே கண்ணால் காட்டியிருந்தார்கள். அதுவரை நிலைப்படுத்தும் திரவத்தை மூச்சுக்குழல் வழியே ஊற்றினார்கள். அது படலத்தை அடித்துச் சென்றது. இவர்கள் இரத்த நாளங்களின் வழியே செலுத்தினார்கள். படலம் இருந்த இடத்தில் இருந்தது. துருத்தி என்று எண்ணப்பட்டது சுரப்பியும்தான் என்பதற்கு இனி மறுப்பு எழவில்லை.

சுரப்பி என்று ஒப்புக்கொண்ட பிறகு, அதைத் தூண்டலாமா, வெளியிலிருந்து ஈடுசெய்யலாமா என்று கேட்க முடிந்தது. நியூசிலாந்தின் கிரஹாம் லிகின்ஸ் 1969-இல் செம்மறியாட்டில் செய்த சோதனையில், கார்டிசோன் வகை மருந்து செலுத்தப்பட்ட குறைமாத ஆட்டுக்குட்டிகளின் நுரையீரல் எதிர்பாராதவாறு காற்றை ஏற்றது. சிறுநீரகத்தின்மேல் அமர்ந்த அட்ரீனல் சுரப்பியின் ஆணையை நுரையீரல் கேட்கிறது என்று இதனால் தெரிந்தது. 1972-இல் அவரும் ராஸ் ஹோவியும் கருவுற்ற பெண்களிடம் இம்முறையின் பயனைக் காட்டினார்கள். 1980-இல் ஜப்பானின் ஃபுஜிவாரா, பசுவின் நுரையீரலிலிருந்து ஆக்கிய சர்ஃபாக்டன்டைப் பத்துக் குழந்தைகளின் மூச்சுக்குழலில் செலுத்திப் பெற்ற நற்பலனை வெளியிட்டார். 1990-இல் அமெரிக்காவில் செயற்கை சர்ஃபாக்டன்ட் ஒன்று அனுமதி பெற்றது. அதன் ஆக்கத்தில் கிளமென்ட்ஸுக்குப் பங்கு உண்டு.

கொறித்துண்ணி மனிதனின் சிற்றுருவம் அன்று என்பதையும் சொல்லியாக வேண்டும். எலியும் சுண்டெலியும் பிறக்கும்போது அவற்றின் நுரையீரலில் முழுமையான நுண்ணறைகள் இல்லை. பிறந்த பின்னரே அவை உருவாகின்றன. மனிதரில் அவ்வேலை கருவிலேயே தொடங்கிவிடுகிறது. ஆதலால் எலியில் கண்டதை மனிதரில் மீண்டும் சரிபார்க்காமல் நம்பக் கூடாது. ஆனாலும் கேள்விகள் தொடர்ந்து அங்கிருந்தே பிறக்கின்றன. நைட்ரஜன் டையாக்சைடால் காயப்பட்ட எலிகளின் நுரையீரலில், இரண்டாம் வகை உயிரணுக்கள் பிளவுற்று முதல் வகையாக மாறிப் பரப்பைச் செப்பனிடுவதை 1975-இல் கண்டார்கள். 2020-இல் கொரோனா வைரஸ் நுரையீரலைத் தாக்கும் விதத்தை அறிய, சிரிய ஹாம்ஸ்டரின் நுரையீரலைச் சீவிப் பார்த்தார்கள். அந்த வைரஸ் புகும் உயிரணுக்களில் ஒன்று இதே இரண்டாம் வகை.

இந்த வரலாற்றில் தனிமனித அறிவின்மையை எங்கும் நாம் காணவில்லை. கணையத்தைப் பார்த்தவர்கள் நுரையீரலைப் பார்க்கவில்லை. நுரையை அளந்தவர்கள் உயிரணுவைப் பார்க்கவில்லை. 1929-இல் எழுதப்பட்டதைப் பிரசவ அறையில் நின்றவர்கள் படிக்கவில்லை. இவர்களுக்கு இடையே இருந்த தொலைவைக் கடக்கவே நாற்பதாண்டுகளுக்கு மேல் ஆயின. கடந்தவர்களில் ஏவரி போன்ற சிலரின் பெயர்கள் நமக்குத் தெரிகின்றன. கண்ணாடித் தகடுகளின்மேல் மெல்லிய சீவல்களாக முடிந்துபோன உயிர்களுக்குப் பெயர் இல்லை. இன்று குறைமாதக் குழந்தை ஒன்று மூச்சுவாங்கிப் பிழைக்கும்போது அவற்றுக்கும் அதில் பங்கு உண்டு என்பதை இங்கே பதிந்துவைக்க விரும்புகிறோம்.